கட்டமும் காயும்: டிங் லிரென் பற்றி வாசகர் கேள்விகள்

சிங்கப்பூரில் குகேஷ் உலக சாம்பியன் ஆனதிலிருந்து இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் பாதி, அவரிடம் தோற்றுப் பட்டத்தை இழந்த சீனாவின் டிங் லிரெனைப் பற்றித்தான் கேட்கின்றன. கேட்கும் தொனிதான் கொஞ்சம் உறுத்துகிறது. சரி, சேர்ந்து கிடந்ததையெல்லாம் எடுத்து இந்த இதழில் ஒரே மூச்சில் பதில் எழுதிவிடுகிறேன். குகேஷ் பற்றிய கேள்விகள் அடுத்த இதழுக்கு.

எஸ்.எம்., விருதுநகர்: கடைசி ஆட்டத்தில் டிங் செய்த தவறை எங்கள் தெருப் பையன்கூடச் செய்யமாட்டான் என்கிறார்கள். அவ்வளவு மோசமான தவறா?

பதில்: தவறு மோசமானதுதான். ஆனால் உங்கள் தெருப் பையன் அந்த நிலைமைக்கு வந்து உட்காரவே மாட்டானே! 2024 டிசம்பர் 12, 14-வது ஆட்டம். இருவரும் தலா ஆறரைப் புள்ளி. டிங்குக்கு வெள்ளைக் காய். இருவரிடமும் ஒரு யானை, ஒரு மந்திரி (பிஷப்), சில சிப்பாய்கள். குகேஷுக்கு ஒரு சிப்பாய் கூடுதல், அவ்வளவுதான் வித்தியாசம். யானைகள் பலகையில் இருக்கும்வரை அதை வைத்துக்கொண்டு ஜெயிப்பது மிகக் கடினம். டிரா ஆகியிருந்தால் மறுநாள் வேக ஆட்டங்கள். அதில் டிங்கின் கை ஓங்கும் என்றுதான் எல்லாரும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

அப்போதுதான் 55-வது நகர்வில் யானையை எஃப்2 கட்டத்துக்குக் கொண்டுவந்து, ‘மாற்றிக்கொள்ளலாம்’ என்பதுபோல் நீட்டினார். குகேஷ் வெட்டினார், டிங்கின் ராஜா திருப்பி வெட்டியது. உடனே குகேஷின் மந்திரி டி5-க்கு வந்து நின்றது. டிங்கின் மந்திரியோ ஏ8 மூலையில் இருந்தது. போக வேறு இடமில்லை, மந்திரிகளும் மாறியாக வேண்டும். மாறிவிட்டால் மிச்சம் வெறும் ராஜாவும் சிப்பாய்களும். அதில் ஒரு சிப்பாய் கூடுதலாக வைத்திருப்பவனுக்கு வெற்றி. மூன்றே நகர்வில் டிங் ஆட்டத்தை விட்டுக்கொடுத்தார்.

வீட்டிலிருந்து பார்த்தவர்களுக்குத் திரையின் ஓரத்தில் கம்ப்யூட்டர் காட்டும் கறுப்பு வெள்ளைப் பட்டை இருந்தது. அது ஒரு பக்கமாகச் சாய்ந்ததும் எல்லாருமே கிராண்ட்மாஸ்டர் ஆகிவிட்டார்கள். அந்தப் பட்டையை மூடிவிட்டு என் வகுப்பில் நன்றாக ஆடுகிற பிள்ளைகளிடம் அந்த நிலையைக் கொடுத்தேன். யானையை மாற்றலாம் என்று சொன்னவர்கள்தான் அதிகம்.

என் கணிப்பு இது. கண் தவறிச் செய்த பிழையாக எனக்கு அது படவில்லை. அந்தப் போட்டி முழுவதுமே டிங் காய்களை மாற்றி மாற்றி ஆட்டத்தைச் சுருக்கி, ‘டிரா போதும்’ என்கிற மனநிலையில்தான் ஆடினார். கடைசியில் ஒரு மாற்றம் அதிகமாகிவிட்டது.

கே.வி., ஓசூர்: வேண்டுமென்றே தோற்றார் என்று ஒரு வீடியோ பார்த்தேன். உண்மையா?

பதில்: அந்த வீடியோவுக்கெல்லாம் மூலம் ஒன்றுதான். ரஷ்ய செஸ் கூட்டமைப்பின் தலைவராக இருந்த ஆந்திரேய் பிலாதவ், டிங்கின் தவறு சந்தேகமாக இருக்கிறது, விசாரிக்க வேண்டும் என்று பேட்டி கொடுத்தார். உலக செஸ் கூட்டமைப்பின் தலைவர் துவோர்கோவிச்சும் ரஷ்யர்தான். தவறு செய்வது விளையாட்டில் சகஜம் என்று சொல்லி அவர் அதை ஒதுக்கித் தள்ளினார்.

தோற்க நினைப்பவர் 11-வது ஆட்டத்தில் தோற்றுப் பின்தங்கிய மறுநாளே உட்கார்ந்து 12-வது ஆட்டத்தை ஜெயிப்பாரா? டிங் ஜெயித்தார். அதுவும் எப்படி! குகேஷுக்கு மூச்சு விடவே இடம் கொடுக்காமல் நசுக்கினார். அந்த ஆட்டத்தை ஒருமுறை போட்டுப் பாருங்கள். வீடியோ மேல் உள்ள நம்பிக்கை போய்விடும்.

ஆர்.ஜி., தஞ்சாவூர்: டிங் எந்த ஊர்? அவரை யார் உருவாக்கினார்கள்? சென்னைக்கு ஆனந்த் மாதிரி அங்கேயும் யாராவது உண்டா?

பதில்: ஊர் வென்ஜோ. சீனாவின் கிழக்குக் கடற்கரையில், ஜெஜியாங் மாகாணத்தில் இருக்கிறது. சீனாவின் வியாபார ஊர்களில் அதற்குத் தனிப் பெயர் உண்டு. அந்த ஊர்க்காரர்கள் ஐரோப்பா முழுவதும் கடை வைத்திருக்கிறார்கள். அதே ஊருக்குச் சதுரங்க நகரம் என்றும் பெயர். சும்மா வந்த பெயர் இல்லை. சீனாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் யே ரோங்குவாங் வென்ஜோக்காரர், பட்டம் வாங்கியது 1990-ல். 2001-ல் பெண்கள் உலக சாம்பியன் ஆன ஜூ சென்னும் அதே ஊர். அந்த ஜூ சென்னுக்குச் சொல்லிக்கொடுத்த சென் லிசிங் என்ற பயிற்சியாளரிடம்தான் சின்ன வயது டிங்கும் படித்தார். ஒரே வாத்தியார், இரண்டு உலக சாம்பியன்கள். இந்தத் தொழிலில் இருப்பவன் என்கிற முறையில் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருக்கிறது.

டிங் பிறந்தது 1992 அக்டோபர் 24. அப்பா மின் பொறியாளர், அம்மா செவிலியர். நாலு வயதில் பலகை முன் உட்கார்ந்தார். 2009-ல், பதினாறு வயதில், சீனாவின் தேசிய சாம்பியன்! அதற்கு முன் அவ்வளவு சின்ன வயதில் யாரும் அங்கே ஜெயித்ததில்லை. அந்த வருடமே கிராண்ட்மாஸ்டர். அப்புறம் 2011, 2012 என்று மறுபடி இரண்டு முறை தேசிய சாம்பியன்.

ஆனந்த் மாதிரி ஒரு தனி மனிதரைத் தேடினால் அங்கே கிடைப்பது சிரமம். நம் பையன்கள் எல்லாரும் ‘ஆனந்த் சார்’ என்று ஆரம்பிப்பார்கள். சீனாவில் அந்த இடத்தில் ஒரு அணி இருந்தது. 2014-ல் நார்வேயின் த்ரோம்சோ நகரில் நடந்த ஒலிம்பியாடில் அந்த அணி தங்கம் வாங்கியது. டிங் இரண்டாவது பலகை. அதே ஒலிம்பியாடில் நமக்கு வெண்கலம். சசிகிரண், சேதுராமன், அதிபன் என்று நம் ஊர்க்காரர்கள் மூன்று பேர் அந்த அணியில் இருந்தார்கள். நமக்கு அதுவே பெரிய கொண்டாட்டமாக இருந்ததால், தங்கம் வாங்கிய அணியின் இரண்டாவது பலகையில் யார் என்று அப்போது நாம் பார்க்கவே இல்லை.

ஒரு கல்லூரி மாணவி, பாளையங்கோட்டை: சீனாவில் அரசாங்கமே குழந்தைகளைப் பிடித்துக் கொண்டுபோய்ப் பயிற்சி கொடுக்கிறதாமே? அங்கே பெண்கள் முன்னால் வந்தது எப்படி?

பதில்: ‘பிடித்துக் கொண்டுபோய்’ எல்லாம் இல்லை, ஆனால் அரசின் கை உண்டு. மாகாண அணி, தேசிய அணி, லீக் போட்டி, பெய்ஜிங்கில் பயிற்சி என்று படிப்படியாக ஏறிப்போகும் ஏற்பாடு. டிங்கும் ஜெஜியாங் அணிக்கு ஆடியவர்தான். ஆனால் அவர் பீக்கிங் பல்கலைக்கழகத்தில் சட்டமும் படித்தார். பள்ளியை விட்டுவிட்டு செஸ் ஆடலாமா என்று என்னிடம் கேட்கும் பெற்றோர்கள் இதைக் கவனிக்கவும்.

பின்கதை சுவாரசியமானது. சீனாவில் மக்கள் பூங்காவில் உட்கார்ந்து ஆடுவது அவர்களுடைய சொந்தச் சதுரங்கமான சியாங்சி. நடுவில் ஆறு ஓடும், பீரங்கி உண்டு, யானை அந்த ஆற்றைத் தாண்டாது. நாம் ஆடும் செஸ் அங்கே வெளியிலிருந்து வந்தது. கலாசாரப் புரட்சிக் காலத்தில் அதை ஆடவே முடியாத நிலை. எழுபதுகளின் நடுவில்தான் மறுபடி ஆரம்பித்தார்கள். மலேசியாவைச் சேர்ந்த டான் சின் நாம் என்ற தொழிலதிபர், சீனா ஒருநாள் செஸ்ஸில் உலகத்தையே ஜெயிக்கும் என்று சொல்லி அதற்குப் பணமும் உழைப்பும் போட்டார். கேட்டவர்கள் சிரித்திருப்பார்கள். 1978-ல் புவெனஸ் அயர்ஸ் ஒலிம்பியாடில் சீனா முதல் முறை ஆடியபோது, லியூ வென்சே ராணியைப் பலி கொடுத்து ஹாலந்தின் கிராண்ட்மாஸ்டர் டோனரை 20 நகர்வில் முடித்தார். ஒரு கிராண்ட்மாஸ்டரைத் தோற்கடித்த முதல் சீனர் அவர்தான்.

ஆனால் உலகப் பட்டத்தை முதலில் கொண்டுவந்தவர் ஷியே ஜுன். பத்து வயதில் பெய்ஜிங் சிறுமிகளுக்கான சியாங்சி சாம்பியன். பெரியவர்கள் சொல்லி செஸ்ஸுக்கு மாறினார். 1991-ல் மணிலாவில் ஜார்ஜியாவின் மாயா சிபுர்தானித்சேயை எட்டரைக்கு ஆறரை என்று ஜெயித்தார். 1950-லிருந்து சோவியத் பெண்களைத் தாண்டி வெளியே போகாத பட்டம் அது. 1996-ல் சூசன் போல்கரிடம் இழந்தார், 1999-ல் மீட்டார், 2000-ல் புதுடெல்லியில் மறுபடி ஜெயித்தார். டெல்லியில் தொடங்கி டெஹ்ரானில் முடிந்த ஆண்கள் பிரிவில் ஆனந்த் முதன்முறை உலக சாம்பியன் ஆனாரே, அந்தப் போட்டிதான். ஆனந்த் பட்டம் வாங்கியது நம் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கிறது. டெல்லி மண்ணிலேயே இரண்டு சீனப் பெண்கள் உலகப் பட்டத்துக்கு இறுதியில் மோதியது யாருக்கு ஞாபகம் இருக்கிறது?

ஷியே ஜுன் பட்டம் வாங்கி முப்பத்திரண்டு வருடம் கழித்துத்தான் ஓர் ஆண் அங்கே உலக சாம்பியன் ஆனார். அவர்தான் டிங்.

பி.டி., ஈரோடு: நூறு ஆட்டம் தோற்காமல் ஆடினார் என்று என் நண்பன் சொல்கிறான். டிரா டிராவாகப் போட்டால் யார்தான் தோற்பார்கள்?

பதில்: உங்கள் நண்பன் சொல்வது சரி. 2017 ஆகஸ்டிலிருந்து 2018 நவம்பர் வரை, கிளாசிகல் ஆட்டங்களில், அதாவது நீண்ட நேர ஆட்டங்களில், தொடர்ந்து நூறு. 29 வெற்றி, 71 டிரா. அதற்கு முன் மிகைல் தால் எழுபதுகளில் வைத்திருந்த 95 என்ற எண்ணிக்கையைத் தாண்டினார். ஷென்ஜென் நகரில் பிரான்சின் வஷியே-லக்ராவ்தான் கடைசியில் முடித்துவைத்தார். பிற்பாடு, அப்போதைய உலக சாம்பியன் கார்ல்சன் அந்தச் சாதனையையும் தாண்டிப் போய்விட்டார். அது வேறு விஷயம்.

‘டிரா போட்டால்’ என்கிறீர்கள். உலகத்தின் முதல் இருபது பேருடன் டிரா போடுவது பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிப்பது மாதிரி இல்லை. எதிரில் இருப்பவன் நான்கு ஐந்து மணி நேரம் உங்கள் சட்டையைப் பிடித்து உலுக்கிக்கொண்டே இருப்பான். அந்த நூறு ஆட்டங்களுக்குள் 2018 பெர்லின் கேண்டிடேட்ஸ் போட்டியும் வருகிறது. உலக சாம்பியனோடு மோதப்போகிறவரைத் தேர்ந்தெடுக்கும் போட்டி அது. கேண்டிடேட்ஸ் ஆடிய முதல் சீனர் அவர். 14 ஆட்டத்தில் 13 டிரா, ஒரு வெற்றி. எட்டுப் பேரில் தோல்வியே காணாதவர் அவர் ஒருவர்தான். கிடைத்தது என்னவோ நாலாவது இடம். உங்கள் கேலிக்கு இங்கே கொஞ்சம் இடம் உண்டு, ஒத்துக்கொள்கிறேன்.

அந்தக் கணக்கின் நடுவிலேயே ஒரு விபத்தும் உண்டு. நார்வேயில் போட்டிக்குப் போன இடத்தில் சைக்கிளிலிருந்து விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. அறுவை சிகிச்சை. போட்டியிலிருந்து விலகினார். சில மாதத்திலேயே பதுமி ஒலிம்பியாடுக்கு வந்து முதல் பலகையில் தனிநபர் தங்கம் வாங்கினார். அணிக்கும் தங்கம். அந்த நவம்பரில் ரேட்டிங் (ஆட்டத் திறனைக் காட்டும் புள்ளி) 2816. சீனாவில் 2800-ஐத் தொட்ட முதல் ஆள்.

என்.ஆர்., காரைக்குடி: கார்ல்சன் விலகியதால் கிடைத்த பட்டம்தானே? அதுவும் கேண்டிடேட்ஸில் இரண்டாவதாக வந்தவர். கொல்லைப்புறமாக வந்த சாம்பியன் என்பதில் என்ன தப்பு?

பதில்: இந்தக் கேள்விதான் வந்தவற்றில் அதிகம். கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

2020-ல் டிங் தன் உச்சத்தில் இருந்தார். முந்தைய வருடம் சின்க்ஃபீல்ட் கோப்பையில் கார்ல்சனை டை-பிரேக்கில் (சமன் ஆனபின் ஆடும் வேக ஆட்டங்களில்) ஜெயித்திருந்தார். உலகக் கோப்பையில் இரண்டு முறை இறுதி வரை வந்தவர். அடுத்த சாலஞ்சர் அவர்தான் என்று பலரும் எழுதினார்கள். அந்த நேரம் பார்த்து கொரோனா. யெகாதெரின்பர்க் கேண்டிடேட்ஸுக்குப் போவதற்காக ரஷ்யாவில் இரண்டு வாரம் தனிமையில் இருந்தார். பலகை முன் உட்கார்ந்தபோது ஆளே வேறு மாதிரி இருந்தார். முதல் இரண்டு ஆட்டமும் தோல்வி. ஏழாவது சுற்றோடு போட்டியையே நிறுத்தி, பாதியை அடுத்த வருடம் ஆடினார்கள். டிங்குக்கு வாய்ப்பு போயே போய்விட்டது. அப்புறம் சீனாவின் கட்டுப்பாடுகளால் வெளியே வர முடியவில்லை. ஐரோப்பிய நேரத்துக்கு நடக்கும் இணையப் போட்டிகளை அங்கே நள்ளிரவில் உட்கார்ந்து ஆடினார்.

2022 மார்ச். உக்ரைன் போரை ஆதரித்துப் பேசியதற்காக ரஷ்யாவின் கர்யாகினுக்குத் தடை விதித்தார்கள். கேண்டிடேட்ஸில் ஓர் இடம் காலி. விதிப்படி அது, தகுதி பெறாதவர்களில் ரேட்டிங் அதிகம் உள்ளவருக்கு. அதாவது டிங்குக்கு. ஆனால் ஒரு நிபந்தனை: அந்த ஒரு வருடத்தில் குறைந்தது 30 ஆட்டம் ஆடியிருக்க வேண்டும். டிங் ஆடியிருந்தது நாலு. ஊரை விட்டு வெளியே வராதவர் எங்கே போய் ஆடுவார்?

சீன செஸ் சங்கம் ஹாங்சோவில் அவசர அவசரமாகப் போட்டிகளை ஏற்பாடு செய்தது. ஏறக்குறைய ஒரு மாதத்தில் 28 ஆட்டம். ஒன்றுகூடத் தோற்கவில்லை. ரேட்டிங்கும் 2806-க்கு ஏறி உலகத்தில் இரண்டாவது இடம். இது விதியை வளைத்த வேலை என்று அப்போது முணுமுணுத்தவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. இடம் தகுதியான ஆளுக்குத்தான் போனது. நாலு ஆட்டம் என்பது கொரோனா செய்த வேலை. ஆனால் ஏற்பாடு செய்த போட்டி என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

அடுத்து மாட்ரிட்டில் அந்தக் கேண்டிடேட்ஸ். முதல் சுற்றிலேயே ரஷ்யாவின் நெபோம்னியாஷியிடம் தோல்வி. அங்கிருந்து மெல்ல மெல்ல ஏறினார். கடைசிச் சுற்றில் எதிரே அமெரிக்காவின் நகமுரா. அவருக்கு டிரா போதும், இரண்டாவது இடம் அவருக்கு. டிங்குக்கு ஜெயித்தே ஆக வேண்டும். ஜெயித்தார். அந்த இரண்டாவது இடத்துக்கு என்ன மதிப்பு என்று அப்போது யாருக்கும் உறுதியாகத் தெரியாது. ஜூலை 20 அன்றுதான் கார்ல்சன், பட்டத்துக்கு இனி ஆடமாட்டேன் என்று அறிவித்தார். ஆகவே முதலாவது வந்த நெபோம்னியாஷியும் இரண்டாவது வந்த டிங்கும் மோத வேண்டும்.

2023 ஏப்ரல், கஜகஸ்தானின் அஸ்தானா. முதல் ஆட்டம் முடிந்து செய்தியாளர் முன் உட்கார்ந்த டிங், மனசு சரியில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். உலகப் பட்டத்துக்கு ஆடுகிறவர் எதிராளி பக்கத்தில் இருக்கும்போது இப்படிச் சொல்வதை நான் கேட்டதில்லை. இரண்டாவது ஆட்டம் தோல்வி, நாலில் வெற்றி. ஐந்தில் தோல்வி, ஆறில் வெற்றி. ஏழாவதில் நேரம் குறைந்துகொண்டே போக, கையை நகர்த்தாமல் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார், நல்ல நிலைமை கெட்டுப்போய்த் தோற்றார். அப்புறம் இன்னொரு தலைவலி: தன் உதவியாளர் ராப்போர்ட்டுடன் இணையத்தில் வேறு பெயரில் ஆடிய பயிற்சி ஆட்டங்களை யாரோ கண்டுபிடித்துவிட்டார்கள். தயார் செய்துவைத்த திறப்புகள் (ஆட்டத்தின் தொடக்க நகர்வுகள்) ஊருக்கே தெரிந்துபோயின. வேறொருவராக இருந்தால் மூட்டை கட்டியிருப்பார். டிங் 12-வது ஆட்டத்தை ஜெயித்து மூன்றாவது முறையாகச் சமன் செய்தார். 14 ஆட்டம் முடிவில் ஏழுக்கு ஏழு.

ஏப்ரல் 30, வேக ஆட்டங்கள். முதல் மூன்றும் டிரா. நாலாவதில் டிங்குக்குக் கறுப்பு. கடிகாரம் தீரப்போகிறது. நெபோம்னியாஷியின் ராணி மாறி மாறி செக் வைக்கிறது. ராஜாவை இங்கும் அங்கும் நகர்த்திக்கொண்டிருந்தால் டிரா, அடுத்து அதைவிட வேகமான ஆட்டங்கள். அதுதான் பத்திரமான வழி. 46-வது நகர்வில் டிங் தன் யானையை ஜி6-ல் குறுக்கே வைத்தார். அதாவது தன் யானையைத் தானே கட்டிப்போட்டார். அந்த யானை இனி அசைய முடியாது, அசைந்தால் ராஜாவுக்கு செக். பார்த்துக்கொண்டிருந்த கிராண்ட்மாஸ்டர்களே திகைத்துப்போனார்கள். 68-வது நகர்வில் ஆட்டமும் பட்டமும் அவருக்கு. ஜெயித்ததும் துள்ளவில்லை, கத்தவில்லை. நெற்றியைக் கையில் தாங்கிக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார்.

வாழ்நாள் முழுக்க டிராக்காரர் என்று பெயர் வாங்கியவர், டிரா கையில் இருந்தபோது வேண்டாம் என்றார். கொல்லைப்புறக் கதவு திறந்திருந்தது உண்மைதான் சார். உள்ளே வந்து அவர் செய்ததையும் பாருங்கள்.

எல்.கே., ஆம்பூர்: சிங்கப்பூரில் தோற்றவருக்கு எவ்வளவு பணம்?

பதில்: மொத்தம் 25 லட்சம் டாலர். ஒவ்வொரு வெற்றிக்கும் 2 லட்சம், மிச்சம் சரிபாதி. மூன்று வெற்றி பெற்ற குகேஷுக்கு 13.5 லட்சம் டாலர், இரண்டு வெற்றி பெற்ற டிங்குக்கு 11.5 லட்சம் டாலர். இதில் கவலைப்பட ஒன்றுமில்லை.

ஒரு தாய், நாகர்கோவில்: என் மகன் பன்னிரண்டு வயது. நன்றாக ஆடுவான், ஆனால் பேசவே மாட்டான், தோற்றால் இரண்டு நாள் சாப்பிடமாட்டான். ‘டிங் மாதிரி ஆகிவிடுவான்’ என்று என் தம்பி பயமுறுத்துகிறான். என்ன செய்வது?

பதில்: அம்மா, டிங் மாதிரி ஆனால் உலக சாம்பியன் ஆவான், அதை முதலில் உங்கள் தம்பியிடம் சொல்லுங்கள்.

ஆனால் கவலையின் மறுபக்கமும் புரிகிறது. பட்டம் வாங்கிய கையோடு மே மாதம் ருமேனியாவில் ஒரு போட்டி ஆடிய டிங், அதன்பின் பல மாதம் போட்டி எதிலும் ஆடவில்லை. சொந்த நாட்டில், அதுவும் தன் மாகாணத்தில் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டிக்கே வரவில்லை. தூக்கம் வராமல் தவித்ததையும், மனச்சோர்வுக்குச் சிகிச்சை எடுத்ததையும் பேட்டிகளில் அவரே சொன்னார். 2024 ஜனவரியில் திரும்பி வந்தபோது பழைய டிங்காக இல்லை. நார்வே போட்டியில் கடைசி இடம். புடாபெஸ்ட் ஒலிம்பியாடில் ஓர் ஆட்டம்கூட ஜெயிக்கவில்லை. சிங்கப்பூருக்கு வரும்போது உலக சாம்பியனின் தரவரிசை 23! குகேஷ் சுலபமாக முடித்துவிடுவார் என்று நிபுணர்கள் எழுதினார்கள். முதல் ஆட்டத்திலேயே, கறுப்புக் காயில், டிங் ஜெயித்தார். ஜனவரிக்குப் பிறகு கிளாசிகலில் அவருக்குக் கிடைத்த முதல் வெற்றி அது.

அவரைப் பார்த்து நான் கவனித்தது ஒன்று. மனசில் இருப்பதை மறைக்கவில்லை. சோர்வாக இருந்தால் சோர்வு என்றார், பயந்தேன் என்றால் பயந்தேன் என்றார். கடைசி ஆட்டம் தோற்ற அன்றைக்கே, இந்த வருடத்தில் தான் ஆடிய நல்ல போட்டி இதுதான், தோல்வி நியாயமானதுதான் என்று செய்தியாளர்களிடம் சொன்னார். உங்கள் மகன் பேசாதது பெரிய விஷயமில்லை. கூச்சமுள்ள பிள்ளைகள் இந்த ஆட்டத்தில் நிறையப் பேர். சாப்பிடாமல் இருப்பதைத்தான் பார்க்க வேண்டும். அடுத்த இரண்டு மாதம் போட்டிக்கு அனுப்பாதீர்கள். வீட்டில் யாராவது அவனோடு ஆடி அவனிடம் தோற்றுச் சிரியுங்கள். அப்படியும் மாறவில்லை என்றால் குழந்தைகள் நல மருத்துவரிடம் ஒருமுறை காட்டுங்கள், என்னை மாதிரி செஸ் வாத்தியாரிடம் அல்ல.

வி.எஸ்., செங்கல்பட்டு: 2022 மாமல்லபுரம் ஒலிம்பியாடில் டிங்கை நேரில் பார்த்தேன். யாரிடமும் பேசவில்லை.

பதில்: பேசியிருக்க முடியாது. சீன அணி மாமல்லபுரத்துக்கு வரவே இல்லை. நீங்கள் பார்த்தவர் யாரோ, பாவம், அவரும் பேசாத ஆள்போல.

ஏ.பி., திருவள்ளூர்: பிரக்ஞானந்தா டிங்கை ஜெயித்திருக்கிறாரா?

பதில்: கிளாசிகலில் இரண்டு முறை, ஹாலந்தில் நடக்கும் டாடா ஸ்டீல் போட்டியில். 2023 ஜனவரியில் ஒன்று, அப்போது டிங் இன்னும் உலக சாம்பியன் ஆகவில்லை. 2024 ஜனவரியில் மறுபடி, அப்போது அவர் உலக சாம்பியன். இந்த இரண்டாவது வெற்றியோடு, ஒவ்வொரு ஆட்டத்துக்கும் உடனுக்குடன் மாறும் நேரடி ரேட்டிங் கணக்கில் ஆனந்தைத் தாண்டி இந்தியாவின் முதலிடத்துக்கும் வந்தார் பிரக்ஞானந்தா.

ஜே., புதுச்சேரி: டிங்கின் ஆட்டங்களில் ஒன்றே ஒன்றை என் மகளுக்குக் காட்ட வேண்டும் என்றால் எது?

பதில்: யோசிக்கவே வேண்டாம். 2017 நவம்பர், சீன லீக், பை ஜின்ஷிக்கு எதிராக டிங் கறுப்புக் காயில் ஆடியது. 32 நகர்வுதான், ஒரு மாலைக்குச் சரியாக இருக்கும்.

15-வது நகர்வில் டிங் தன் ராணியை விட்டுவிடுவார். வெள்ளை யானை வந்து அதை எடுக்கும். இங்கே நிறுத்தி, ‘ராணி போச்சே, இப்ப என்ன?’ என்று மகளிடம் கேளுங்கள். பதிலுக்கு டிங்கின் சிப்பாய் செக்கோடு பி2 வரை இறங்கிவிடும், வெள்ளை ராஜா கோட்டை கட்ட முடியாமல் நடுத்தெருவுக்கு வந்துவிடும். அப்புறம் 20-வது நகர்வு. டிங் யானையைக் கொண்டுபோய் டி4-ல், சிப்பாய் வெட்டும் இடத்தில் வைப்பார். வெட்டலாமே? வெட்டினால் குதிரை வந்து ராஜாவுக்கு செக் வைக்கும், ராணியும் அதன் காலடியில் மாட்டும். இதை மகளே கண்டுபிடிக்கட்டும், நீங்கள் சொல்லாதீர்கள்.

அதன்பின் வெள்ளை ராஜா எஃப்3, ஜி3, எச்4 என்று நடந்து எச்5 வரை போய்ச் சேரும், கறுப்பின் வீட்டு வாசலுக்கே. அந்த நேரத்தில் செக் வைக்கத்தான் எல்லாருக்கும் கை பரபரக்கும். டிங் 26-வது நகர்வில் தன் ராஜாவை ஒரே ஒரு கட்டம், ஜி7-க்கு, நகர்த்துவார். செக் இல்லை, வெட்டு இல்லை. ராணி இல்லாதவர் ஆடுகிற நகர்வு அது! எச்8-க்கு யானை வர வழி விட்டிருக்கிறார் என்பது நாலு நகர்வு கழித்துத்தான் புரியும்.

போனில் காட்டாதீர்கள். பலகையில் காய்களை அடுக்கி, வெள்ளைப் பக்கம் மகளை உட்கார வைத்து, கறுப்பை நீங்கள் நகர்த்துங்கள். 32-வது நகர்வில் குதிரை இ5-க்கு வந்து செக் வைத்ததும் பை ஜின்ஷி ஆட்டத்தை விட்டுவிட்டார். மகள் அங்கேயே விடமாட்டாள், ராஜா எங்கே போனால் என்ன ஆகும் என்று கேட்பாள். ஒவ்வொரு வழியையும் ஆடிப் பார்த்துவிட்டு எழுதி அனுப்பச் சொல்லுங்கள், அடுத்த இதழில் போடுகிறேன்.